நாற்பத்து மூன்றாவது பெயர்

“எனக்கு எத்தனை பொண்டாட்டின்னு இங்க யாரைக் கேக்கணும்?”

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் இப்படித்தான் ஆரம்பித்தான். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. நெடுநெடுவென்று உயரம், தோளில் கேமராப் பை, கையில் ஒரு குடை... அதுவும் என்ன குடை! மஞ்சள் துணியில் வரிசையாக வாத்துப் படம் போட்ட, ஒன்றாம் வகுப்புக் குழந்தை பிடிக்கிற குடை. அதன் புண்ணியத்தில் அவன் தலை மட்டும் நனையாமல் தப்பித்திருந்தது.

ஐந்து மேசைகளில் நான்காவதன் எதிர் நாற்காலிதான் காலியாக இருந்தது. நேராக அங்கே வந்து நின்றான். நான்காம் மேசைக்காரி நிமிர்ந்து பார்க்கவில்லை. வருகிறவர்களை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

இந்த ஆபீசைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாடியில் குளிரூட்டிய அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு ஒரே வேலை, படிப்பது. இணையத்தில் யார் என்ன எழுதி வைத்தாலும் விடாமல் படித்து, இந்தக் கடை இந்தத் தெருவில், இவருக்கு இவர் மகள், இவர் இன்ன உத்தியோகம் என்று துண்டு துண்டாகத் தகவல் சேர்த்துக்கொண்டே போகும். தூங்காது, சலிக்காது, லீவு கேட்காது. ஆபீசில் அதற்குப் ‘படிப்பாளி’ என்று பெயர். ஊரில் யாருக்கு எது தெரிய வேண்டுமென்றாலும் இப்போது படிப்பாளியைத்தான் கேட்கிறார்கள். படிப்பாளிக்கே சந்தேகம் வந்தால் கீழே இருக்கும் ஐந்து மேசைகளைக் கேட்கும். ‘இது சரியா?’ என்று திரையில் வரும். ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு கேள்வி. அதுபோக, படிப்பாளி தப்பாகப் படித்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களையும் இவர்கள்தான் சமாளிக்க வேண்டும். சண்டை வீடு வரைக்கும் வந்துவிடக் கூடாதே என்று யாருக்கும் பெயர்ப் பட்டை கிடையாது. சட்டையில் மேசை நம்பர் மட்டும்.

அந்த ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெயர் வேண்டாம், ‘ஏன்’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். சரி, தப்பு, அவ்வளவுதான். மூன்று வருடமாக அவள் ஓடி ஒளிந்ததே அந்த ‘ஏன்’ என்ற கேள்வியிடமிருந்துதான்.

“உட்காருங்க சார். என்ன பிரச்சனை?”

“ஒரு பிரச்சனையா? நாற்பத்துமூணு பிரச்சனை! நான் கல்யாண போட்டோகிராபர் மேடம். ஊருக்கெல்லாம் கல்யாணப் படம் எடுத்தாச்சு, எனக்கு இன்னும் ஆகல. உங்க மெஷின் என்னடான்னா நாற்பத்துமூணு பேருக்கு நான் புருஷன்னு சொல்லுது. எங்க அக்கா ஒரு எடத்துல சம்பந்தம் பேசியிருக்காங்க. பொண்ணோட அப்பா சும்மா இருக்காம என் பேரைப் போட்டுக் கேட்டிருக்காரு. லிஸ்ட் வந்துகிட்டே இருந்துச்சாம்... மனுஷன் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு.”

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு அவன் பெயரைக் கேட்டுத் தட்டினாள். அவனுடைய இணையப் பக்கம் திரையில் விரிந்தது. பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

“மேல பொண்ணு பேரு. நடுவுல ‘திருமணம்’. கீழ உங்க பேரு, யானை சைஸ்ல. மாப்பிள்ளை பேரு எங்க சார்?”

“கடைசில இருக்கே.”

“எறும்பு சைஸ்ல இருக்கு. நானே கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டுத் தேட வேண்டியிருக்கு. பாவம், அது மட்டும் என்ன நினைக்கும்?”

“இருக்கட்டுங்க. நாற்பத்துமூணுன்னு வரும்போது ஒரு சின்ன சந்தேகம்கூடவா வராது?”

“அது ராஜாக்கள் கதையெல்லாம் படிச்சிருக்கு சார். அதுக்கு இதெல்லாம் சாதாரணம்.”

“சரி... எந்தப் புத்திசாலி இதுக்குச் சரி போட்டது?”

திரையின் மூலையில் பொடி எழுத்தில் இருந்தது: ‘முதல் தகவலை உறுதி செய்தது, மேசை 4.’ ஏதோ ஒரு நாள், முந்நூறில் ஒன்றாக, அவள் அவசரத்தில் போட்ட ஒரு ‘சரி’. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற நாற்பத்திரண்டையும் படிப்பாளி தானாகவே முடிவு கட்டியிருந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அது... ஆபீஸ் விஷயம் சார்.”

பேச்சை மாற்றப் பட்டியலைக் கீழே இழுத்தாள். பத்து, இருபது, முப்பது... கடைசிக்கு வந்தாள். விரல் அப்படியே நின்றுவிட்டது. நாற்பத்து மூன்றாவது பெயர் அவளுடைய பெயர்.

மெல்லத் தலையைத் திருப்பினாள். மேசையோரம் சாத்தி வைத்திருந்த வாத்துக் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மகளின் குடை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை. கல்யாண மண்டபம், இதே மாதிரி மழை. அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தவளின் போனுக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘என்னால் முடியாது, மன்னித்துவிடு.’ அதன்பிறகு அந்த அறைக்குள் யார் யாரோ வந்தார்கள், அழுதார்கள், ஏன் ஏன் என்று கேட்டார்கள். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி இருந்தாள். கேட்டுக்கு அருகே ஒருவன், பையைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே வரவா போகவா என்று தெரியாமல் நனைந்துகொண்டிருந்தான். “அண்ணா, அங்க ஒருத்தர் நனையறாரு. ஒரு குடை குடுத்து அனுப்பு” என்று சொன்னாள். அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான். அண்ணன் கைக்குக் கிடைத்த குடையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவன் அவளைப் பார்த்ததில்லை. அவளும் அன்று அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். பெரிய கண்கள்... கோபமாக இருக்க முயற்சி செய்து தோற்றுப்போகிற கண்கள்.

“மேடம்? என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.” பட்டியலைச் சட்டென்று மூடினாள். “ஒரு பொண்ணுக்கு ஒரு புருஷன்தான்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். நிஜ மாப்பிள்ளை யாருன்னு காட்டிட்டா உங்க பேரு தானா விழுந்துடும். ஆனா ரெண்டு வேற வேற எடத்துலருந்து காட்டணும். ஒரு எடத்துலருந்து வந்தா அது வெறும் பேச்சு. ரெண்டு எடத்துலருந்து வந்தாதான் நம்பும். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு மூணு திருத்தம்தான்.”

“அப்ப பதினஞ்சு நாள் ஆகுமே!”

“தினமும் மூணு மணிக்கு வாங்க.” அவன் பையில் இருந்த அழைப்பிதழ்களையும் படங்களையும் வைத்து முதல் மூன்று பெயரை அன்றே அழித்தாள்.

காகிதங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். மற்றவர்களிடம் அப்படித்தான் சொல்வாள். இவனிடம் ஏன் சொல்லவில்லை என்று அன்று சாயங்காலம் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தாள்.

மறுநாள் மூன்று மணிக்குப் படங்களோடு வந்தான். “இப்ப என் நம்பர் நாற்பது மேடம்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். அன்றிலிருந்து அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. “வாங்க முப்பத்தேழு.” “என்ன முப்பத்துநாலு, இன்னைக்கு லேட்டு?” அவன் பதிலுக்கு அவளை “நாலு” என்றான். முதலில் நாலு மேடம், பிறகு வெறும் நாலு.

ஒவ்வொரு பெயரோடும் ஒரு கதை வந்தது. அந்த மாப்பிள்ளை எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டான், கண்ணாடித் தம்ளர் உடைந்த சத்தத்தில் திறந்த ஒரே படம்தான் இப்போது அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. இந்தப் பெண் மாப்பிள்ளையைவிட ஒரு சாண் உயரம், அவனைக் கேமராப் பை மேல் ஏற்றி நிற்கவைத்து எடுத்தான், பைக்குள் இருந்த லென்ஸ் போயே போய்விட்டது. இன்னொரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா தூணுக்குப் பின்னால் நின்று அழுதார். முகத்தை எடுக்க மனசு வரவில்லை, தூணைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுத்தான்.

“அந்தக் கையைக் காட்டுங்க” என்றாள் அவள்.

காட்டினான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் படத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

“ஒண்ணு சொல்லணும்” என்றாள் ஐந்தாம் நாள். “முதல்ல சரி போட்ட அந்தப் புத்திசாலி... நான்தான்.”

“தெரியும்.”

“எப்படி?”

“நீங்க தொண்டையைச் செருமினப்பவே தெரியும்.”

மூன்று மணிக்கு அவள் மனசு ஏங்க ஆரம்பித்தது. இரண்டரைக்கே காது கதவுப் பக்கம் போய்விடும். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று என்று அவன் நம்பர் குறைந்துகொண்டே வந்ததே... இருபத்தெட்டு, இருபத்தைந்து, இருபத்திரண்டு. நல்ல காரியம்தான் செய்துகொண்டிருந்தாள். இருந்தும் ஒவ்வொரு பெயரையும் மெதுவாக, இரண்டு முறை சரிபார்த்தே அழித்தாள். இவனுக்கு நூறு கல்யாணமாவது ஆகியிருக்கக் கூடாதா?

பத்தாம் நாள் மறுபடி மழை. வாத்துக் குடையோடு வந்தவனைப் பார்த்து ஐந்தாம் மேசை அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஊர்ச் செய்தி எதுவும் படிப்பாளிக்கு முன்னால் அந்த அக்காவுக்குத்தான் போகும்.

“ஏன் தம்பி, வீட்டுல வேற குடையே இல்லையா?”

“இருக்குக்கா. மழை பெஞ்சா இதைத்தான் எடுக்கத் தோணுது.” அவன் சிரித்தான். பிறகு நான்காம் மேசைப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். “லிஸ்ட்ல கடைசியா ஒரு பேரு இருக்கில்ல... அந்தக் கல்யாணம் நடக்கவே இல்ல நாலு. முந்தின நாளே அவங்க பேரை என் பக்கத்துல போட்டுட்டேன். காலைல போனா கேட்டுகிட்ட அவங்க அண்ணன் நிக்கிறாரு, வேண்டாம் தம்பி போயிடுங்கன்னு. ஒண்ணும் புரியாம நனைஞ்சுகிட்டே நின்னேன். கொஞ்ச நேரத்துல அவரே இந்தக் குடையோட ஓடி வந்தாரு. ‘தங்கச்சி குடுக்கச் சொல்லுச்சு’ன்னாரு.”

அவள் பட்டியலை மேலே தள்ளி, கடைசிப் பெயரைத் திரையிலிருந்து மறைத்தாள்.

“யோசிச்சுப் பாருங்க. வாழ்க்கையே தலைகீழா ஆன நேரத்துல, வாசல்ல எவனோ நனையறான்னு ஒருத்தங்க பார்த்திருக்காங்க. அதான் அந்தப் பக்கத்தை எடுக்க மனசு வரல. எடுத்துட்டா அந்தப் பேரும் போயிடும். எங்கிட்ட இருக்கறது அந்தப் பேரும் இந்தக் குடையும்தான்.” தோளைக் குலுக்கிக்கொண்டான். “எங்க அக்கா திட்றாங்க. முகம் தெரியாதவங்களை நினைச்சுக்கிட்டு இப்படியே உட்கார்ந்திருந்தா, கடைசில உன்னை நீயேதான் படம் எடுத்துக்கணும்னு. அதான் லிஸ்ட் காலியானதும் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறதா ஒத்துக்கிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை.”

நான்தான் அது என்று ஒரு வார்த்தை... நாக்கு நுனி வரை வந்தது. எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள்.

குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நெஞ்சில் இருக்கிறவள் குடை கொடுத்தவள். இங்கே நிற்கிறவள் ஒருவன் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனவள். இரண்டு பேரும் ஒருத்திதான் என்று தெரிந்தால் அந்தப் பெரிய கண்களில் முதலில் வருவது பரிதாபமாகத்தான் இருக்கும். ஊரார் பரிதாபத்தை மூன்று வருடம் தாங்கியாகிவிட்டது. அவன் பரிதாபத்தை அவளால் தாங்க முடியாது. சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அன்றைய மூன்று பெயரையும் முடித்தாள்.

பதினான்காம் நாள் வெள்ளிக்கிழமை. நாற்பத்திரண்டு பெயரும் போய்விட்டன. ஒன்று மட்டும் நின்றது.

“இதுக்கு நிஜ மாப்பிள்ளைன்னு யாரும் இல்லையே. எப்படி விழும்?” என்று கேட்டான்.

“அந்தப் பொண்ணே நேர்ல வந்து, இவர் என் புருஷன் இல்லைன்னு கையெழுத்துப் போடணும்.”

“அவங்க வருவாங்களா?”

“வருவாங்க.”

“இங்கயா? எப்ப?”

“நாளைக்குள்ள முடிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை நீங்க நிம்மதியாப் போகலாம்.”

“அப்ப... நாளைக்கு நான் வர வேண்டியதில்ல.”

“வேண்டியதில்ல.”

அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவனும் எதற்கோ காத்திருந்த மாதிரிதான் இருந்தது. “வரேன் நாலு” என்று எழுந்து போனான்.

சாயங்காலம் வீட்டில், சாப்பாட்டு மேசை மேல் கிடந்த படிவத்தை அண்ணி எடுத்துப் படித்தாள். ‘மேற்படி நபர் என் கணவர் அல்லர்.’

“யாருடி இவரு? எங்களுக்குத் தெரியாம எப்பக் கல்யாணம் பண்ணிக்கிட்ட?”

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. மூன்று வருடத்தில் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள்... குடை, பட்டியல், மூன்று மணி, தூணைப் பிடித்த கை, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“நல்லவரா?”

“ரொம்ப.”

“அப்புறம் எதுக்கு இல்லைன்னு கையெழுத்துப் போடற?”

“அவருக்கு ஒரு வழி பிறக்கட்டும் அண்ணி. நான் போட்ட சரிதானே இவ்வளவுக்கும் காரணம்.”

“யாரும் உன்னை ஒரு கேள்வி கேக்கக் கூடாதுன்ன. சரின்னு விட்டோம். ஆனா நீயும் யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறியேம்மா” என்றாள் அண்ணி, தலையைக் கோதிவிட்டபடி.

சனிக்கிழமை பிற்பகல். தன் விஷயத்தைத் தானே திருத்தக் கூடாது என்பது ஆபீஸ் விதி. அவள் நம்பர் பட்டையைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். எல்லோரையும் போல வாசலுக்கு அருகே பெஞ்சில் உட்கார்ந்தாள். படிவம் ஐந்தாம் மேசைக்குப் போயிருந்தது. நாளைக்கே விஷயம் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

அக்கா படிவத்தைப் படித்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி படிவத்தைப் படித்தாள். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஆனாலும் கையெழுத்துக்கு முன் பெயரை உரக்கக் கூப்பிட்டு ஆளை உறுதிசெய்ய வேண்டும், அதுவும் விதி. அக்கா எழுந்து நின்று அவள் முழுப் பெயரையும் கூப்பிட்டாள்.

கதவு திறந்ததும் அப்போதுதான். மழைச் சத்தம் உள்ளே வந்தது, பின்னாலேயே வாத்துக் குடை வந்தது. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். மூன்று வருடமாகத் தனக்கென்று வைத்திருந்த பெயர் அல்லவா! கண்கள் பெஞ்சுகளில் அவசரமாகத் தேடின. ஒருத்தி எழுந்து நின்றாள்.

“நாலு...?”

அவள் தலையை ஆட்டினாள்.

“முதல் நாளே தெரியுமா?”

“வாத்தைப் பார்த்ததுமே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

அதே ‘ஏன்’. அது இத்தனை மெதுவாகவும் கேட்கப்படலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“குடை குடுத்தவளைத்தானே உங்களுக்குப் பிடிக்கும்... ஒருத்தர் வேண்டாம்னு விட்டுட்டுப் போனவதான் நான்னு சொன்னா என்ன செய்வீங்க? பாவம்னு சொல்வீங்க.”

அவன் குடையை மடக்கக்கூட மறந்து நின்றான். “நான் இப்ப எதுக்கு வந்தேன் தெரியுமா? இந்தக் குடையை அவங்ககிட்ட திருப்பிக் குடுத்துடலாம்னு வந்தேன். பத்து நாளா அவங்களை நினைச்சாலும் உங்க முகம்தான் வருது. அவங்களுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருந்துச்சு. நேத்து ராத்திரியே அக்காகிட்ட சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை எங்கயும் வரலைன்னு. ‘இப்ப யாருடா’ன்னு கேட்டாங்க. ‘பேரு தெரியாதுக்கா, நாலாம் நம்பர்’னு சொன்னேன். அடிக்க வந்துட்டாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. கண்ணாடி பனித்துப்போய் அவன் முகம் கலங்கலாகத் தெரிந்தது. அந்தப் பெரிய கண்களில் பரிதாபத்தைத் தேடினாள். இல்லை. பயம் இருந்தது... எங்கே இவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

ஐந்தாம் மேசை அக்கா பேனாவால் மேசையைத் தட்டினாள். “நாலரைக்கு நான் பஸ் பிடிக்கணும். தம்பி, நீங்களே சொல்லுங்க. இவங்களுக்கு நீங்க புருஷன்ங்கறது தப்பான தகவல்தானே?”

“தப்புன்னு சொல்ல முடியாதுக்கா” என்றான் அவன், அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் அவசரப்பட்டு முன்னாடியே சொல்லிடுச்சு. அவ்வளவுதான்.”

“அதெல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு எடத்துலருந்து வந்தா இங்க செல்லாது. ரெண்டாவது எடம் எங்க?”

அறையில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நடந்து போய் அக்காவின் கையிலிருந்த படிவத்தை வாங்கினாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், அவன் கேமராப் பையின் பக்கவாட்டுப் பையில் செருகினாள்.

“ரெண்டாவது எடம் நான்தான்க்கா” என்றாள்.

மாடியில் படிப்பாளி தன்பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது. இது இன்னும் எங்கேயும் எழுதப்படவில்லை, அதனால் அதற்குத் தெரியாது. வெளியே மழை விடவில்லை. வாத்துக் குடைக்குள் இரண்டு தலைகள் எப்படியோ அடங்கின. தோள்கள் நனைந்தன... நனையட்டும் என்று இருவரும் மெதுவாகவே நடந்தார்கள்.